எதிர்க்காதவர்கள் எல்லாம் ஏற்றுக்கொண்டவர்களா?

கேள்வி கேட்டவர் சுருக்கமாகத்தான் கேட்டிருக்கிறார். ஒரு கூட்டம் தலைமுறை தலைமுறையாக வாய் திறக்காமல் ஒரு அதிகாரத்துக்குக் கீழே இருக்கிறது என்றால், அதை அவர்கள் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள் என்றுதானே பொருள்? முதுகுக்குப் பின்னால் முணுமுணுப்பதையும் வேலையை இழுத்தடிப்பதையும்கூட மானுடவியலாளர்கள் 'எதிர்ப்பு' என்கிறார்களே, அது வெறும் மனத்தேற்றல் இல்லையா? இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. மௌனம் சம்மதமா என்பது ஒன்று. அந்த மௌனத்துக்கு அடியில் நடப்பதற்கு என்ன பெயர் வைப்பது என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு ஓரளவு துணிந்து பதில் சொல்லலாம். இரண்டாவது விஷயத்தில் எங்கள் மானுடவியல் துறைக்குள்ளேயே சுமார் நாற்பது வருடமாக வழக்கு நடக்கிறது. நான் கொஞ்ச காலம் களப்பணி செய்துவிட்டு, அதைவிட நீண்ட காலம் இந்தப் பாடத்தை வகுப்பில் நடத்தியவன். எனக்குத் தெரிந்த வரை சொல்கிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அரசியல் என்றதும் அரசாங்கம், தேர்தல், சட்டம், போலீஸ் என்றுதான் நம் மனம் போகும். மானுடவியலின் அரசியல் ஆய்வு வேறு முனையில் தொடங்கியது. ராஜா இல்லை, நீதிமன்றம் இல்லை, சிறை இல்லை, ஆனாலும் லட்சக்கணக்கானவர்கள் ஒன்றாக வாழ்கிறார்களே, எப்படி? ஆங்கிலேய மானுடவியலாளர் இவான்ஸ் பிரிட்சார்ட் நுவெர் மக்கள் பற்றி எழுதி 1940-இல் வெளியான நூல் இந்தக் கேள்விக்காகத்தான் இன்றும் படிக்கப்படுகிறது. தெற்கு சூடானில் மாடு மேய்த்து வாழும் நுவெர்களுக்கு அன்று ஆள்பவர் என்று யாரும் இல்லை. கொலை நடந்தால் இரு தரப்பையும் உட்கார வைத்துச் சமாதானம் பேச 'சிறுத்தைத் தோல் தலைவர்' என்று ஒருவர் உண்டு. ஆனால் அவரால் யாருக்கும் உத்தரவு போட முடியாது. பங்காளிகள் தங்களுக்குள் மோதிக்கொள்வார்கள். வெளியிலிருந்து ஒருவன் வந்தால் ஒன்று சேர்ந்துகொள்வார்கள். இந்தச் சேர்க்கையும் பிரிவும்தான் அங்கே அரசாங்கத்தின் வேலையைச் செய்கிறது என்பது அவருடைய வாதம்.

அந்த நூலின் முன்னுரையில் ஒரு உரையாடல் வரும். குவோல் என்ற நுவெர் மனிதரிடம் இவான்ஸ் பிரிட்சார்ட் பெயரைக் கேட்கிறார். 'என் பெயர் உனக்குத் தெரிய வேண்டுமா?' என்கிறார் அவர். ஆமாம் என்றால், 'என் பெயரையா?' என்று திரும்பவும் அதே கேள்வி. எப்படியோ பெயர் வருகிறது. குலத்தின் பெயரைக் கேட்டால், சொன்னால் அதை வைத்து என்ன செய்வாய், உன் நாட்டுக்குக் கொண்டுபோவாயா என்று கேட்கிறார். எழுதியவர் இதைக் கிட்டத்தட்ட நகைச்சுவையாகவே தருகிறார். மாணவர்களும் சிரிப்பார்கள். சிரித்து முடித்ததும் நான் பின்னணியைச் சொல்வேன். அந்த ஆய்வைச் செய்யச் சொன்னதே சூடானை ஆண்ட ஆங்கிலேய அரசாங்கம். அதற்குக் கொஞ்சம் முன்புதான், 1920-களின் கடைசியில், நுவெர்களை அடக்க விமானத்திலிருந்து குண்டு போட்டிருந்தார்கள். அவர் தங்கியிருந்த முகாமையே ஒரு நாள் விடியற்காலையில் சிப்பாய்கள் சுற்றி வளைத்துப் பிணைக்கைதிகளைப் பிடித்துப் போனதை அவரே எழுதியிருக்கிறார். அப்புறம் குவோலின் பதில்களைத் திரும்பப் படித்தால் சிரிப்பு வராது. பெயரைக் கொடுக்காமல் சுற்றி வளைப்பது அங்கே ஒரு அரசியல் செயல். ஆள்பவர் இல்லாத அரசியலைப் பற்றி நூல் எழுதியவர், தன் தோளுக்குப் பின்னால் நின்ற மிகப் பெரிய ஆட்சியாளரை ஆய்வின் ஓரத்திலேயே விட்டுவிட்டார். 1970-களுக்குப் பிறகு இந்தத் துறை தன்னைத்தானே விசாரித்துக்கொண்டதில் பாதி இந்த இடத்தைப் பற்றியதுதான்.

சரி, அதிகாரம் இல்லாத இடங்களில் அது ஏன் இல்லை? 'எளிய சமூகம், இன்னும் வளரவில்லை' என்று ஒரு காலத்தில் சொன்னார்கள். களத்தில் தெரிந்தது வேறு. தென் ஆப்பிரிக்கப் பகுதியின் கலஹாரிப் பாலைவனத்து ஜுன்ஹுவாசி வேட்டையாடிகளோடு 1960-களில் இருந்த மானுடவியலாளர் ரிச்சர்ட் லீ, ஊரில் இருப்பதிலேயே கொழுத்த மாட்டை வாங்கி கிறிஸ்துமஸ் விருந்துக்குக் கொடுப்பதாக அறிவித்தார். பாராட்டுவார்கள் என்று எதிர்பார்த்தவரிடம் ஒருவர் விடாமல் வந்து, இந்த எலும்புக்கூட்டையா வாங்கினாய், இதைத் தின்றுவிட்டுப் பட்டினியோடுதான் தூங்கப் போகிறோம் என்று நொந்துகொண்டார்கள். மனுஷன் நாள் கணக்கில் கலங்கிப்போனார். மாட்டை வெட்டியபோது பார்த்தால் கொழுப்பு தடிமனாக இருந்தது. எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பிறகுதான் விளக்கம் கிடைத்தது. பெரிய வேட்டையோடு வருகிற எவனிடமும் அவர்கள் இப்படித்தான் பேசுவார்களாம். நிறைய இறைச்சி கொண்டுவருகிறவன் தன்னைத் தலைவன் என்று நினைக்கத் தொடங்குவான், அந்தக் கர்வம் ஒரு நாள் யாரையாவது கொல்லும், அதனால் அவன் இறைச்சியை மட்டம் தட்டி அவன் நெஞ்சின் சூட்டைத் தணிக்கிறோம் என்றார்கள். புகையிலையும் சாப்பாட்டுப் பொருளும் மூட்டை மூட்டையாக வைத்துக்கொண்டு அவர்கள் நடுவே உட்கார்ந்திருந்த லீக்கும் அதே வைத்தியம் தேவைப்பட்டது.

தலைவன் இல்லாமல் இருப்பதற்குத் தினமும் உழைக்க வேண்டியிருக்கிறது என்பதுதான் இதில் எனக்குப் பிடித்த விஷயம். தென் அமெரிக்கக் காட்டுச் சமூகங்களைப் பற்றி பிரெஞ்சு மானுடவியலாளர் பியர் கிளாஸ்த்ர் 1974-இல் இதையே ஒரு பெரிய கோட்பாடாக வளர்த்தார். அங்கே தலைவர் அழகாகப் பேச வேண்டும், கையில் இருப்பதை எல்லாம் கொடுக்க வேண்டும், ஆனால் ஆணையிட மட்டும் முடியாது. அரசு தோன்றிவிடாமல் அந்தச் சமூகமே தடுத்துக்கொண்டிருக்கிறது என்றார் அவர். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அதே சமூகங்களில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் நடுவே இருந்த ஏற்றத்தாழ்வை அவர் லேசாகத் தாண்டிப் போகிறார். 'சமத்துவச் சமூகம்' என்று எங்கேயாவது படித்தால், யாருக்கு யாரோடு சமத்துவம் என்று ஒரு முறை கேட்டுக்கொள்வது நல்லது.

இப்போது உங்கள் முதல் கேள்வி. மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்ற பழமொழியைக் களத்தில் வைத்துச் சோதித்துப் பார்த்தவர் ஜேம்ஸ் ஸ்காட். படிப்பால் அவர் அரசியல் அறிவியல்காரர், ஆனால் செய்தது எங்கள் வேலை. 1978 முதல் 1980 வரை மலேசியாவின் கெடா மாநிலத்தில், சுமார் எழுபது குடும்பங்கள் மட்டுமே இருந்த ஒரு நெல் விளையும் கிராமத்தில் தங்கினார். முடா பாசனத் திட்டம் வந்து இரண்டு போகம் விளையத் தொடங்கியதும் முதலில் எல்லோருக்கும் நாலு காசு கிடைத்தது. பிறகு பெரிய அறுவடை இயந்திரங்கள் வந்தன. அறுப்பும் கதிரடிப்பும் செய்து பிழைத்தவர்களுக்கு வேலை போயிற்று. வெளியே பார்த்தால் கிராமம் அமைதி. ஊர்வலம் கிடையாது, கோஷம் கிடையாது. பணக்காரரை வழியில் பார்த்தால் மரியாதையாகத்தான் பேசினார்கள்.

ஆனால் இரண்டு வருடம் அங்கேயே கிடந்தவர் காதில் வேறு விஷயங்கள் விழுந்தன. பணம் இருப்பவர்களைக் கஞ்சன் என்றும் ஈவு இரக்கம் இல்லாதவன் என்றும் வீட்டுத் திண்ணையில் பேசிக்கொண்டார்கள். இயந்திரங்களின் டேங்குக்குள் யாரோ மண்ணைப் போட்டார்கள். அது யார் என்று கடைசி வரை யாருக்கும் 'தெரியவில்லை'. நடவுக்குப் போகும் பெண்கள் குழுக்கள், இயந்திரம் வைத்து அறுத்தவர்களின் வயலில் நட வர இயலாது என்பதை நேரடியாகச் சொல்லாமல் ஜாடையாகப் பரப்பினார்கள். வெளியூரிலிருந்து ஆள் கொண்டுவருவோம் என்று நிலக்காரர்கள் சொன்னதும் அந்தப் புறக்கணிப்பு சத்தமில்லாமல் கரைந்துபோனது. யாரும் எதையும் அறிவிக்காததால் யாரும் தோற்றதாகவும் ஆகவில்லை. அரசாங்கம் நெல்லில் வசூலித்த ஜகாத் என்ற இஸ்லாமிய தர்ம வரியை எதிர்த்து ஒருவரும் வாய் திறக்கவில்லை. பயிரிட்ட பரப்பைக் குறைத்துச் சொல்லி, நனைந்த நெல்லையும் பதரையும் அளந்து கொடுத்தே சேர வேண்டியதில் சிறு பகுதியைத்தான் சேர விட்டார்கள்.

ஆக, பகிரங்கமான பணிவை மட்டும் வைத்து உள்ளே சம்மதம் இருக்கிறது என்று முடிவு கட்ட முடியாது. இதை நான் தயக்கமில்லாமல் சொல்வேன். நாளைக்கும் அதே ஆளிடம்தான் கடன் கேட்கப் போக வேண்டும், அதே வயலில்தான் கூலிக்கு நிற்க வேண்டும் என்றால் யாரும் முகத்துக்கு நேரே பேச மாட்டார்கள். அந்தக் கணக்கைப் போட்டுவிட்டுத்தான் வாயை மூடுகிறார்கள். ஸ்காட் இதற்கு இரண்டு பேச்சுகள் என்று பெயர் வைத்தார்: அதிகாரத்தின் முன்னால் ஒன்று, அது இல்லாத இடத்தில் ஒன்று. இன்னொன்றையும் அவர் சொன்னார், இதைப் பலர் கவனிப்பதில்லை. மேலே இருப்பவர்களுக்கும் இரண்டு பேச்சு உண்டு. எல்லோர் முன்னாலும் கம்பீரமாக இருந்தாக வேண்டிய கட்டாயம் அவர்களுக்கும் இருக்கிறது.

இங்கிருந்து நிலம் கொஞ்சம் வழுக்கும். பின்னால் பேசுவதுதான் 'உண்மை', முன்னால் பேசுவது 'நடிப்பு' என்று எடுத்துக்கொள்ளலாமா? என்னால் முடியவில்லை. கூட்டாளிகளோடு உட்கார்ந்து முதலாளியைத் திட்டும்போதும் அங்கே ஒரு சபை இருக்கிறது. அந்தச் சபையில் கொஞ்சம் வீராப்பாகப் பேசித்தான் ஆக வேண்டும். அங்கே ஒருவன் முதலாளிக்குப் பரிந்து பேசினால் அவன் கதி என்ன? அப்புறம், அதிகாரம் ஆட்களின் ஆசைக்குள்ளும் கற்பனைக்குள்ளும் புகுந்துகொள்ளாதா என்ற பழைய கேள்வியும் தீரவில்லை. முசோலினியின் சிறையில் இருந்து எழுதிய இத்தாலிய மார்க்சியச் சிந்தனையாளர் கிராம்சி, ஆளும் வர்க்கத்தின் பார்வையே எல்லோருக்கும் பொதுப்புத்தியாகிவிடுவதைப் பற்றி யோசித்தார். இது அநியாயம் என்று தெரிந்தும், வேறு மாதிரி இருக்க முடியும் என்று நினைத்துப் பார்க்க முடியாமல் இருப்பது ஒன்று. இதுதான் நியாயம் என்றே நம்புவது வேறொன்று. களத்தில் முதல் வகையை நிறையப் பார்க்கலாம். 'என்ன செய்ய, உலகம் அப்படி' என்று சொல்கிறவர் அந்த வகை. இரண்டாவது வகையைச் சுத்தமாக, கலப்பில்லாமல் பார்ப்பது அரிது. ஒரே ஆள் காலையில் ஒன்றையும் மாலையில் இன்னொன்றையும் சொல்வதுண்டு. எந்த வாக்குமூலத்தை அவருடைய மனசு என்று எழுதுவது? ஆய்வாளர் ஒரு பக்கம் சாய்ந்துதான் எழுதுகிறார். அதை ஒப்புக்கொண்டு எழுதுகிறவரை நான் கூடுதலாக நம்புவேன்.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். மனத்தேற்றல் என்று நீங்கள் சந்தேகப்பட்டதில் நியாயம் இருக்கிறது. 1980-களின் இறுதியில் எதைப் பார்த்தாலும் எதிர்ப்பு என்று எழுதும் ஒரு மோகம் இருந்தது. கொட்டாவி விட்டால்கூட எதிர்ப்பு. மலேசியாவிலேயே இன்னொரு சம்பவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மின்னணுத் தொழிற்சாலைகளில் வேலை செய்த கிராமத்து இளம்பெண்களுக்குத் திடீர் திடீரென்று பேய் பிடித்தது. மைக்ராஸ்கோப்புக்குள் ஆவி தெரிகிறது என்று அலறினார்கள். ஒருத்திக்கு வந்தால் பக்கத்தில் பத்துப் பேருக்கு வந்தது. வேலை நின்றது. நிர்வாகம் அதைக் கூட்டு ஹிஸ்டீரியா என்றது, மயக்க மாத்திரை கொடுத்தது, மந்திரவாதியையும் கூப்பிட்டது, அடிக்கடி பிடித்தவர்களை வேலையை விட்டு அனுப்பியது. இதை ஆராய்ந்து 1987-இல் நூல் எழுதிய ஐவா ஓங், கழிப்பறைக்குப் போகவும் மேற்பார்வையாளரைக் கேட்க வேண்டியிருந்த ஒரு ஒழுங்குக்கு எதிராக உடலிலிருந்தே கிளம்பிய கண்டனமாக அதைப் பார்த்தார். அந்தப் பெண்கள் யாரும் 'நாங்கள் எதிர்க்கிறோம்' என்று சொல்லவில்லை. நிலைமையும் மாறவில்லை. நான் வகுப்பில் இதை எடுக்கும்போதெல்லாம் மாணவர்கள் இரண்டாகப் பிரிந்து சண்டை போடுவார்கள். நான் தீர்ப்புச் சொல்வதில்லை. அந்தத் தொழிற்சாலையில் அதிகாரம் எங்கே உறுத்தியது என்பதை அந்த அலறல் காட்டுகிறது. அதற்கு மேல் அதன் தலையில் பாரம் ஏற்றத் தயங்குகிறேன்.

இந்தத் தயக்கத்தை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் மானுடவியலாளர் லிலா அபு லுகோத். எகிப்தின் மேற்குப் பாலைவனத்து அவ்லாத் அலி என்ற பெதூயின் (அரபு நாடோடி மரபு) கூட்டத்துப் பெண்களோடு வாழ்ந்தவர். எதிர்ப்பைக் கண்டால் கைதட்டுவதை நிறுத்திவிட்டு, அதை ஒரு அறிகுறியாக எடுத்து அதிகாரத்தை நோய்நாடிப் பாருங்கள் என்று 1990-இல் ஒரு கட்டுரையில் எழுதினார். அவர் தந்த உதாரணம் எளிமையானது. இளம்பெண்கள் நகப்பூச்சும் கடையில் விற்கும் அலங்கார உள்ளாடையும் வேண்டும் என்று ஆசைப்படுகிறார்கள். வீட்டுப் பெரியவர்கள் முறைக்கிறார்கள். பெரியவர்களின் பிடியை மீறுகிற செயல்தான் அது, சந்தேகமில்லை. ஆனால் அதை வாங்கப் பணம் வேண்டும், பணம் கணவன் கையில். பழைய வாழ்க்கையில் பெண்களுக்கென்று இருந்த தனி உலகத்தை விட்டு, கணவனைக் கவர்வதிலும் சந்தையைச் சார்ந்திருப்பதிலும் போய் அது முடிகிறது. ஒரு பிடியிலிருந்து நழுவும்போதே இன்னொன்றுக்குள் கால் வைக்கிறார்கள். இதை எதிர்ப்பு என்பதா, அடங்கல் என்பதா? அந்தக் கேள்வியே அங்கே உதவவில்லை. பெண்கள் தாங்களாக முடிவெடுத்துச் செயல்படுவது என்றாலே எதிர்ப்பு என்று நாம் ஏன் நினைக்கிறோம் என்று பிற்பாடு மானுடவியலாளர் சபா மஹ்மூத் கெய்ரோவின் மசூதிகளில் கூடும் பெண்களை முன்வைத்துக் கேட்டார். அது தனியாக எழுத வேண்டிய விஷயம்.

அப்படியானால் சின்னச் சின்ன முணுமுணுப்பால் எந்தப் பயனும் இல்லையா என்றால், அங்கேயும் நான் உங்களோடு முழுக்க ஒத்துப்போக மாட்டேன். தென்கிழக்கு நைஜீரியாவின் இக்போ பெண்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. மனைவியை அடிக்கிறவன், சந்தை விதிகளை மீறுகிறவன் வீட்டு முன்னால் எல்லாப் பெண்களும் ராத்திரியில் கூடுவார்கள். அவனைக் கேலி செய்து கெட்ட வார்த்தையில் பாடுவார்கள், ஆடுவார்கள், உலக்கையால் சுவரை இடிப்பார்கள். அவன் மன்னிப்புக் கேட்கும் வரை நகர மாட்டார்கள். இதற்கு அவர்கள் வைத்த பெயர் 'ஒருவன் மேல் உட்காருவது'. ஊருக்குள் நடக்கும் சில்லறைத் தகராறுக்கான ஆயுதம், அவ்வளவுதான். ஆங்கிலேயர்கள் வந்து, தலைவர்களே இல்லாத அந்த ஊர்களில் தாங்களாகவே ஆணைப்பத்திரம் கொடுத்துத் தலைவர்களை உண்டாக்கினார்கள். 1928-இல் ஆண்களிடம் வரி வசூலித்தார்கள். 1929 நவம்பரில் ஒலோகோ என்ற ஊரில், ஆளையும் ஆட்டையும் கணக்கெடுக்க வந்தவன் நுவான்யெருவா என்ற விதவையிடம் வாக்குவாதம் செய்தான். உன் அம்மாவையும் எண்ணினாயா என்று அவர் திருப்பிக் கேட்டார். பெண்களுக்கும் வரி வரப்போகிறது என்று செய்தி பரவியது. ஆயிரக்கணக்கான பெண்கள் திரண்டு, அந்தத் தலைவர்கள் மேல் 'உட்கார்ந்தார்கள்'. பதவிக்கு அடையாளமான தொப்பியைக் கழற்றிக் கொடு என்றார்கள். நீதிமன்றக் கட்டடங்களைக் கொளுத்தினார்கள். படை சுட்டதில் 50-க்கும் மேற்பட்ட பெண்கள் இறந்தார்கள். அரசாங்கம் அதைக் கலவரம் என்று எழுதிவைத்தது. அந்தப் பெண்கள் அதைப் பெண்கள் போர் என்றார்கள். சில ஆண்டுகளில் அந்த ஆணைப்பத்திரத் தலைவர் முறை கைவிடப்பட்டது.

இதில் என்னை இழுப்பது அந்தப் போரின் வடிவம். புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை. குடும்பச் சண்டைக்குப் பயன்பட்டு வந்த பாட்டையும் உலக்கையையும் அப்படியே எடுத்துக்கொண்டு ஒரு சாம்ராஜ்யத்தின் முன்னால் போய் நின்றார்கள். அன்றாடக் கேலிக்குள் பெரிய எதிர்ப்புக்கான பயிற்சி கிடக்க முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரிந்து இல்லை. இருந்தாலும் இதைப் பொது விதியாக்கிவிடாதீர்கள். கெடாவில் டேங்குக்குள் போட்ட மண் எதுவாகவும் வளரவில்லை. இயந்திரங்கள் ஓடிக்கொண்டேதான் இருந்தன. எந்த முணுமுணுப்பு தீயாகும், எது புகையாகவே போகும் என்று முன்கூட்டிச் சொல்லும் கோட்பாடு எங்கள் துறையிடம் கிடையாது. இருப்பதாகச் சொல்கிறவர் நடந்து முடிந்த கதையைப் பின்னாலிருந்து படிக்கிறார்.

ஒரு செயலை எதிர்ப்பு என்று அழைக்கலாமா என்று தடுமாறும்போது நான் பார்ப்பது, அதற்கான விலையை யார் கொடுக்கிறார்கள் என்பதை. வேலையை இழுத்தடிப்பவனின் மிச்ச வேலை முதலாளி தலையில் விழுந்தால் ஒரு கதை. பக்கத்தில் இருக்கும், அவனைவிடப் பலவீனமான ஆள் தலையில் விழுந்தால் வேறு கதை. மானுடவியலாளர் ஷெர்ரி ஆர்ட்னர் 1995-இல் வைத்த குற்றச்சாட்டும் இந்தப் பக்கம்தான் வருகிறது. ஒடுக்கப்பட்டவர்களை ஒரே குரலாக எழுதுகிறோம், அவர்களுக்குள் இருக்கும் அரசியலை, ஆணுக்கும் பெண்ணுக்கும், மூத்தவருக்கும் இளையவருக்கும் இடையே நடக்கும் அதிகாரத்தை எழுதாமல் விட்டுவிடுகிறோம் என்றார் அவர். நான் என் முதல் களப்பணியில் செய்த தவறு அதுதான். கூலிக்காரர்களின் பேச்சு என்று பக்கம் பக்கமாகக் குறித்துக்கொண்டு வந்தேன். திரும்பி வந்து பார்த்தால் எல்லாம் ஆண்களின் பேச்சு. பெண்கள் என்னிடம் பேசவில்லை என்று எனக்கு அப்போது உறைக்கவே இல்லை. நான் வந்ததும் அவர்கள் எழுந்து உள்ளே போனார்கள். அதை மரியாதை என்று எழுதிவைத்திருந்தேன்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. மறைவில் பேசப்படுவதற்குப் பலம் இருப்பதே அது மறைவில் இருப்பதால்தான். அதைக் கண்டுபிடித்து அச்சில் போடுகிற நாங்கள் யாருக்கு உதவுகிறோம்? ஸ்காட் தன் கிராமத்துக்குப் பொய்ப் பெயர்தான் வைத்தார். ஆட்களின் பெயரையும் மாற்றினார். இந்த முன்னெச்சரிக்கை எவ்வளவு தூரம் காக்கும் என்பது அந்த நூலை யார் எந்தக் காரணத்துக்காகப் படிக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. களப்பணியில் ஒரு பெரியவர் தாங்கள் எப்படிக் கணக்கைக் குறைத்துக் காட்டுகிறோம் என்பதை எனக்கு நிதானமாக, கொஞ்சம் பெருமையோடு விளக்கினார். எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, 'தம்பி, இதை எழுதிட மாட்டீங்கல்ல?' என்றார். எழுத மாட்டேன் என்றேன். என் ஆய்வேட்டில் அந்த இடத்தில் இரண்டு பக்கம் குறைவாக இருக்கும். தேர்வாளர் ஒருவர் இந்த அத்தியாயத்தில் சான்று போதவில்லை என்று குறித்திருந்தார்.